எல்லார் அப்பாவும் நைட் ஷிப்ட்

எங்கள் தலைமையாசிரியையின் கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும். கரும்பலகையில் அவர் எழுதினால் கடைசி பெஞ்சுக்கும் பளிச்சென்று தெரியும், ஒரு வரிகூடச் சாயாது. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கையெழுத்தை நினைத்தாலே இப்போது எனக்கு வயிறு எரிகிறது.

நான் நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு பள்ளியில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். தமிழ், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் எல்லாவற்றுக்கும் நான் ஒருத்திதான். எனக்குச் சட்டென்று கோபம் வரும், அது ஊரறிந்த விஷயம். "நீ சாந்தமா இருந்தா உடம்பு சரியில்லைனு அர்த்தம்" என்பார் என் வீட்டுக்காரர். ஆனால் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் வந்து ரொம்ப நாளாகிறது. என் கோபமெல்லாம் அவர்களுடைய நோட்டுகள் மேல்தான்.

எங்கள் பள்ளியில் நோட்டுக்கென்று ஒரு சாங்கியம் உண்டு. பாடம் முடிந்ததும் டீச்சர் கேள்வியையும் பதிலையும் போர்டில் எழுத வேண்டும். பிள்ளைகள் அதைப் பார்த்து ரஃப் நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். வீட்டுக்குப் போய் அதையே ஃபேர் நோட்டில் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிவர வேண்டும். ஒரு நோட்டைத் திருத்தினால் போதும், வகுப்பையே திருத்தியாகிவிட்டது. முப்பத்துச் சொச்சம் நோட்டிலும் காற்புள்ளி வரைக்கும் ஒன்றாக இருக்கும். அதைப் பார்த்துப் பெற்றோரும் மகிழ்ந்துபோவார்கள்.

ஒரு நாள், "தாவரங்கள் தமக்குத் தேவையான உணவைத் தாமே தயாரிக்கின்றன" என்று அழகாக எழுதியிருந்த ஒருவனைக் கூப்பிட்டு, "எதை வெச்சுடா தயாரிக்குது?" என்று கேட்டேன். பேந்தப் பேந்த விழித்தான். "மரம் அடுப்பு பத்த வெச்சு சோறு ஆக்குதா?" என்றேன். கொஞ்சம் யோசித்து, "ஆமா டீச்சர்" என்றான். வகுப்பில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் அதே சந்தேகம் இருந்திருக்கிறது. எல்லோருக்கும் முழு மதிப்பெண் போட்டிருந்தேன்.

மறுநாளே 'மூடி எழுது' ஆரம்பித்தேன். அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. எந்தப் பாடமாக இருந்தாலும் மணியடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் புத்தகத்தை மூடிவிட வேண்டும். போர்டை நான் துடைத்துவிடுவேன். இன்றைக்கு என்ன புரிந்தது, என்ன புரியவில்லை என்று ரஃப் நோட்டில் சொந்தமாக எழுத வேண்டும். பிழை இருந்தால் பரவாயில்லை, வீட்டில் பேசுகிற மாதிரியே எழுதலாம். கணக்குக்கும் இதேதான். விடை மட்டும் போதாது, அது எப்படி வந்தது என்று வாக்கியமாக எழுத வேண்டும்.

முதல் வாரம் எல்லோரும் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிறகு எழுதத் தொடங்கினார்கள், அடேயப்பா, என்னவெல்லாம் எழுதினார்கள். நீர் ஆவியாதல் நடத்திய அன்று ஒருத்தி, "வெயிலில் துணி காய்ந்தால் தண்ணீர் மேலே போகிறது. ஃபேனுக்குக் கீழே காய்ந்தால் தண்ணீர் எங்கே போகும்? எங்கள் குவார்ட்டர்ஸ் கூரையில் ஒட்டிக்கொள்ளுமா?" என்று கேட்டிருந்தாள். போக்குவரத்துப் பாடத்தில் ஒருவன், பஸ், ரயில், கப்பல், கன்வேயர் பெல்ட் என்று வரிசையாக எழுதியிருந்தான். இந்த ஊர்ப் பிள்ளையைத் தவிர வேறு யாருக்கு அந்தப் பதில் வரும்? சுரங்கத்து மண்ணும் கரியும் அதில் போவதைப் பார்த்து வளர்ந்தவன். மனிதர்கள் போவதும் பொருள்கள் போவதும் வேறு வேறு என்பதை அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டே அடுத்த நாள் முழுக்க நடத்தினேன். புத்தகத்தில் இருந்ததைவிட அதிகமாகவே நடத்தினேன்.

எனக்கு அந்த வருடம் முக்கியமாக இருந்தது ஒரு பெண் பிள்ளை. குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து புதிதாக வந்து சேர்ந்தவள். அம்மா ஒரு மருத்துவமனையில் கான்ட்ராக்டில் வார்டு வேலை பார்ப்பவர். டவுன்ஷிப்பின் ஆர்ச் கேட்டுக்கு வெளியே வாடகைக்கு இருந்தார்கள். அப்பா இல்லை. ஏன் இல்லை என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. பழைய பள்ளியிலிருந்தே 'மெல்லக் கற்பவர்' என்று பெயர் வாங்கிக்கொண்டு வந்தவள். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், வாயைத் திறக்க மாட்டாள். புரிந்ததா என்றால் தலையாட்டுவாள், புரியவில்லையா என்றாலும் அதே போலத் தலையாட்டுவாள். அவளுக்கு எங்கே தட்டுகிறது என்று தெரிந்தால்தானே நான் அங்கே போய் நிற்க முடியும்? அது தெரியாமல் நான் தவித்துக்கொண்டிருந்தேன்.

நேரம் பற்றிய கணக்குப் பாடம் வந்தது. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை எத்தனை மணி நேரம் என்று ஒரு கணக்கு. வகுப்பு மொத்தமும் பத்தில் ஆறைக் கழித்து நான்கு என்று எழுதிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தது. அந்தப் பெண்ணும் நான்கு என்றுதான் போட்டிருந்தாள். ஆனால் அதற்குக் கீழே, மூடி எழுதும் நேரத்தில், கோணல்மாணலான எழுத்தில் இப்படி எழுதியிருந்தாள்:

"பத்துல ஆறு போனா நாலு. ஆனா எங்க அம்மா பத்து மணிக்கு வேலைக்கு போனா நாலு மணி நேரத்துல வராது. நான் தூங்கி எழுந்து தலை சீவினப்புறம்தான் வரும். கணக்கு சரியா அம்மா சரியானு எனக்கு புரியல."

நான் அதை வகுப்பிலேயே நின்றுகொண்டு இரண்டு முறை படித்தேன். இவளையா மெல்லக் கற்பவள் என்றார்கள்? இந்த ஊரில் பாதி வீடுகளில் அப்பா நைட் ஷிப்ட் முடித்துவிட்டுப் பகலில் தூங்குவார். மிக்ஸி போடக்கூடாது, டிவி வைக்கக்கூடாது, கிசுகிசுவென்றுதான் பேச வேண்டும். அப்படி வளர்ந்த பிள்ளைகள் ஒரு கேள்வியும் இல்லாமல் நான்கு மணி நேரம் என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். கணக்கு வேறு, வீடு வேறு என்று அவர்களுக்கு நாங்கள் அவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். இவள் ஒருத்திதான் அம்மாவைக் கணக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள்.

மறுநாள், "உங்க வீட்டுல யாரெல்லாம் நைட் ஷிப்ட் போறாங்க?" என்று கேட்டேன். பாதிக் கைகள் உயர்ந்தன. "நாலு மணி நேரத்துல திரும்பி வந்துடுவாங்களா?" என்றேன். ஒரே சிரிப்பு. "அப்ப கணக்கு தப்பு டீச்சர்" என்று நாலாப் பக்கமும் குரல் வந்தது. தரையில் சாக்பீஸால் நீளமாக ஒரு கோடு போட்டு, மணிகளைக் குறித்து, பன்னிரண்டைப் பெரிதாகப் போட்டேன். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். பத்திலிருந்து அடி எடுத்து வைத்து, பன்னிரண்டைத் தாண்டி, ஆறு வரைக்கும் வாய்விட்டு எண்ணிக்கொண்டே போனாள். "எட்டு. எங்க அம்மாதாங்க டீச்சர் சரி" என்றாள். அவள் குரலை நான் முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு அவள் எல்லாப் பாடத்திலும் எழுதினாள். 'எனக்கு புரியல' என்றுதான் பெரும்பாலும் ஆரம்பிப்பாள். எது புரியவில்லை என்பதை அவ்வளவு துல்லியமாக எழுதுவாள். அந்த வரிக்குப் பக்கத்தில் நான் ஒரு டிக் போடுவேன். டிக் என்றால் படித்துவிட்டேன், நாளைக்குப் பேசுவோம் என்று அர்த்தம். அவளுக்கும் எனக்கும் அது புரிந்திருந்தது.

பெற்றோருடைய வாட்ஸப் குழுவுக்கு அது புரியவில்லை. யாரோ ஒரு புண்ணியவான் தன் பிள்ளையின் ரஃப் நோட்டைப் படமெடுத்துப் போட்டு, 'புரியவில்லை என்று எழுதியதற்கு டீச்சர் டிக் போட்டிருக்கிறார், பிழையைக்கூடத் திருத்தவில்லை' என்று எழுதியிருந்தார். அதற்கு வரிசையாகக் கும்பிடும் கைகளும் அழுகிற முகங்களும். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார்.

"என்னம்மா இது, கணக்கு நோட்டுல கதை எழுதிகினு இருக்காங்க?"

"கதை இல்லைங்க மேடம். எங்க தடுமாறுதுன்னு அதுங்களே சொல்லுது."

"கணக்குக்கு எதுக்கும்மா எழுத்து? விடை சரினா சரி, தப்புனா தப்பு."

"விடையப் பாத்து தப்புனு ஒரு இன்ட்டு போட்டிருப்பேன் மேடம். ஏன் தப்புனு எனக்கும் தெரிஞ்சிருக்காது, அதுக்கும் தெரிஞ்சிருக்காது."

அந்தப் பெண்ணின் நோட்டைக் காட்டினேன். படித்தார். படித்துவிட்டு, "நல்லா இருக்கே" என்றார். உண்மையாகவே அவருக்குப் பிடித்திருந்தது. நான் அப்பாவியாகச் சந்தோஷப்பட்டேன். அவருக்குப் பிடிக்காமலே போயிருந்தால் பிள்ளைகள் தப்பித்திருப்பார்கள்.

கல்வி அதிகாரி பள்ளியைப் பார்க்க வருகிறார் என்று செய்தி வந்தது. பிள்ளைகள் சொந்தமாக எழுதுகிறார்களா என்று பார்ப்பாராம். தலைமையாசிரியை உற்சாகமாகிவிட்டார். நம் பள்ளியில்தான் ஏற்கெனவே நடக்கிறதே என்றார். எல்லோரையும் புது நோட்டு வாங்கி, பிரவுன் அட்டை போட்டு, லேபிள் ஒட்டிக்கொண்டு வரச் சொன்னார். அப்புறம் ஒரு காலை, கையில் புது சாக்பீஸோடு என் வகுப்புக்கு வந்தார். நான் துடைத்து வைத்திருந்த போர்டில் 'சொந்த நடையில் எழுதுதல்' என்று தலைப்புப் போட்டு அடிக்கோடு இழுத்தார். அதன் கீழே எழுதினார்:

"இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 8 மணி நேரம் ஆகும். என் அப்பா இரவுப் பணிக்குச் செல்கிறார். அவர் 8 மணி நேரம் உழைக்கிறார். எனக்கு இப்பாடம் நன்றாகப் புரிந்தது."

"எல்லாரும் இதை ஃபேர் நோட்டுல எழுதுங்க" என்றார்.

நான் பக்கத்தில் போய், "மேடம், சொந்த நடைனு போட்டுட்டு நீங்களே எழுதினா எப்படி?" என்றேன்.

"ஒரு மாதிரிக்குத்தாம்மா."

"மாதிரினா அதப் பாத்துட்டு வேற எழுதணும். அப்படியே எழுதச் சொல்றீங்களே."

"பசங்க முன்னாடி வேணாம். அப்புறம் பேசலாம்."

அதற்குள் அந்தப் பெண் எழுந்து நின்றாள். சில வாரங்களுக்கு முன்னால் வாயே திறக்காதவள். "எங்க வூட்ல அம்மாதாங்க போவும். அம்மானு எழுதட்டுங்களா?" என்று கேட்டாள்.

தலைமையாசிரியை திட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். "போர்டுல என்ன இருக்கோ அத எழுது கண்ணு. எல்லார் நோட்டும் ஒண்ணா இருக்கணும் இல்ல?" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து எழுதினாள். டீக்கடைக்காரர் பையன் எழுதினான், பேங்க்கில் வேலை பார்ப்பவர் மகள் எழுதினாள். பத்து நிமிடத்தில் வகுப்பில் எல்லார் அப்பாவும் நைட் ஷிப்டுக்குப் போய்விட்டார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டது இவள். இவளுடைய கேள்வியை எடுத்து, அதிலிருந்து அம்மாவைக் கழற்றி, 'புரியல' என்பதைக் கழற்றி, இவள் கையாலேயே திரும்ப எழுத வைத்தார்கள்.

இடைவேளையில் அவர் அறைக்குப் போனேன். கத்தினேன் என்றே சொல்லலாம். அவர் நிதானமாகத்தான் பேசினார்.

"புரியலைனு எழுதின நோட்ட அதிகாரிகிட்ட நீட்டினா என்னம்மா நெனைப்பாரு? நாம பாடமே நடத்தலைனுதான நெனைப்பாரு?"

"அது புரியலைனு எழுதினதாலதான் என்னால நடத்த முடிஞ்சுது மேடம்."

"இந்த வருஷம் உங்கள பர்மனென்ட் பண்ணணும்னு நான் கமிட்டில பேசிகினு இருக்கேன். நீங்க வேற."

மிரட்டலாகச் சொல்லவில்லை. அக்கறையாகத்தான் சொன்னார். இந்த ஊரில் பர்மனென்ட் என்ற சொல்லுக்கு எதிரே யாரும் வாயைத் திறப்பதில்லை, மூடிக்கொள்வதுதான் வழக்கம். நான் வெளியே வந்து குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டேன். அழுகை இல்லை, ஆத்திரம்.

அதிகாரி வந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். மேலே இருந்த நாலைந்து நோட்டுகளைப் புரட்டினார். "அடடே, எல்லார் அப்பாவும் நைட் ஷிப்ட்டா? அப்ப பகல்ல மைன்ஸ யாரு பாக்கறாங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். தலைமையாசிரியையும் சிரித்தார். எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே என்று ஒரு நொடி அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும், ஆனால் சிரித்ததோடு அது போய்விட்டது. கையில் இருந்த நோட்டின் லேபிளைப் பார்த்துப் பெயரைக் கூப்பிட்டார். அந்தப் பெண்தான் எழுந்து நின்றாள்.

"உங்க அப்பா எந்த மைன்ஸும்மா?"

அவள் தலைமையாசிரியையைப் பார்த்தாள். போர்டைப் பார்த்தாள். போர்டில் 'நல்வரவு' என்று மட்டும் இருந்தது.

"ஒண்ணாவது மைன்ஸுங்க" என்றாள். திணறாமல், தெளிவாகச் சொன்னாள்.

அவளுக்கு அப்பா இல்லை என்று வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் இத்தனை பேர் முன்னால் அவள் பொய்க்காரியாக நிற்பாள். அவளைப் பொய் சொல்ல வைத்தவர் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார். ஆகவே அதை விழுங்கிவிட்டு, அலமாரியைத் திறந்து ரஃப் நோட்டுகளை எடுத்து மேசையில் வைத்தேன்.

"சார், அது பிள்ளைங்க எழுதினது இல்ல. போர்டுல எழுதிப் போட்டது. அவங்க சொந்தமா எழுதினது இது. இதப் பாருங்க."

ஒன்றை எடுத்துப் பிரித்தார். கன்வேயர் பெல்ட் பையனுடைய நோட்டு. அடித்தல், திருத்தல், எண்ணெய்க்கறை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ரொம்ப நல்லதும்மா. இதையும் ஒரு ஃபேர் காப்பி பண்ண வெச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போனார்.

என்னை யாரும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. பர்மனென்ட் பேச்சை மட்டும் அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. பள்ளிக்குப் பாராட்டு கிடைத்தது. அடுத்த வாரத்திலிருந்து எல்லா வகுப்பிலும், எல்லாப் பாடத்துக்கும் 'சொந்த நடையில் எழுதுதல்' கட்டாயம் என்று சுற்றறிக்கை வந்தது. டீச்சர்கள் சிரமப்படக் கூடாது என்று, எழுத வேண்டிய சொந்த நடையைத் தலைமையாசிரியையே தயாரித்து ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டார். அந்தத் தாளை என் கையில் கொடுக்கும்போது, "ஐடியா உங்களோடதுதாம்மா" என்றார்.

அந்தத் தாளை நான்காக மடித்து மேசை இழுப்பறையில் போட்டேன். கதவைச் சாத்தினேன். அன்றைக்குப் பாடம் லிட்டர், மில்லிலிட்டர். பால் பாக்கெட்டும் தண்ணீர் பாட்டிலும் கொண்டுவந்து, ஊற்றிக் காட்டி நடத்தினேன். முடித்ததும் போர்டைத் துடைத்துவிட்டு, "மூடி எழுதுங்க" என்றேன்.

புத்தகங்கள் மூடின. யாரும் எழுதவில்லை. எல்லோரும் ஃபேர் நோட்டைப் பிரித்து, பென்சிலைத் தயாராகப் பிடித்துக்கொண்டு, நான் துடைத்த போர்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். "போர்டுல ஒண்ணும் வராது. நீங்களே எழுதணும், முன்ன எழுதுவீங்களே, அந்த மாதிரி" என்றேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் எழுதத் தொடங்கியது அந்தப் பெண்தான். எனக்கு உயிர் வந்தது போல இருந்தது. அவள் பின்னால் போய் நின்றேன்.

"எனக்கு இப்பாடம் நன்றாகப் புரிந்தது" என்று எழுதியிருந்தாள். கோணல் இல்லை. எழுத்துகள் வட்டவட்டமாக, வரி பிசகாமல், அந்தக் கரும்பலகைக் கையெழுத்தைப் போலவே இருந்தன.

குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அரை லிட்டர்னா எத்தன மில்லி?" என்று கேட்டேன்.

அவள் எழுந்து நின்றாள்.

"புரியலையா?"

எப்போதும் போலத் தலையாட்டினாள்.

"அப்ப புரியலைனு எழுதலாம் இல்ல?"

அவள் சாத்தியிருந்த கதவைப் பார்த்தாள். பிறகு, தெரியாத ஒன்றை எனக்குச் சொல்லிக்கொடுப்பது போல மெதுவாகச் சொன்னாள்:

"அது ரஃப் நோட்டுக்குங்க டீச்சர். ஃபேர்ல எல்லாருக்கும் புரிஞ்சிடணும்."